பறிமுதல் பணம் யார் பெட்டியில் விழ வேண்டும்?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தை நெடுஞ்சாலை எண் 40 குறுக்காகக் கடந்து போகிறது. மெக்சிகோ எல்லைப் பக்கமிருந்து வரும் போதைப்பொருள் அந்தச் சாலையில் கிழக்கு நோக்கிப் போகும். அதை விற்ற ரொக்கம் மேற்கு நோக்கித் திரும்பும். 2011இல் நாஷ்வில் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, அங்கே வேலை செய்யும் போதைப்பொருள் தடுப்புப் படைகளின் பதிவுகளை எடுத்து எண்ணிப் பார்த்தது. ஒரு பகுதியில், மேற்கே போகும் பக்கத்தில் நிறுத்தப்பட்ட வண்டிகள் கிழக்கே போகும் பக்கத்தைவிடப் பத்து மடங்கு இருந்தன. சரக்கு உள்ளே வரும் வழியில் ஆள் அரிது. பணம் வெளியே போகும் வழியில் நெரிசல். பணம் போகும் பக்கத்தில் யார் நிற்பது என்று இரண்டு படைகள் தங்களுக்குள் மல்லுக்கு நின்ற காட்சிகூட வீடியோவில் பதிவாகியிருந்தது.

அந்தக் காவலர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். ஹெராயினைப் பிடித்தால் சாட்சியமாகப் பூட்டிவைத்து, வழக்கு முடிந்ததும் எரிக்க வேண்டும். ரொக்கத்தைப் பிடித்தால் படையே வைத்துக்கொள்ளலாம். சட்டம் எந்தப் பக்கத்தில் காசை வைத்ததோ அந்தப் பக்கத்தில் போய் நின்றார்கள்.

நான் பல ஆண்டுகள் தணிக்கை வேலையில் இருந்தவன். எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ரசீது எழுதும் கையும் பணப்பெட்டிச் சாவியை வைத்திருக்கும் கையும் ஒன்றா? ஒன்று என்றால், அந்தக் கைக்குரியவர் எவ்வளவு யோக்கியர் என்ற விசாரணைக்கே நான் போவதில்லை. சாவியை வேறொருவரிடம் கொடுங்கள் என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவேன். போதைப்பொருள் சட்ட அமலாக்கத்தில் பணத்தை எப்படிப் புழங்கவிடுவது என்று தீர்மானிக்க வேண்டிய ஓர் அரசாங்கத்தின் முன்னால் இருக்கும் வழிகளை இந்தப் பழக்கத்தோடுதான் எடைபோட்டுப் பார்க்கிறேன். வழிகள் பல. பிடித்த அமைப்பே வைத்துக்கொள்வது, பாதி கொடுத்துப் பாதி எடுப்பது, தனி ஆளுக்கு வெகுமதி தருவது, கைது எண்ணிக்கையைப் பார்த்து மானியம் தருவது, எல்லாவற்றையும் கருவூலத்திலோ தனி நிதியிலோ சேர்ப்பது. ஒவ்வொன்றையும் எங்காவது ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது.

பிடித்தவருக்கே

இது புதிய யோசனை என்று நினைப்பவர்கள் 1789க்குப் போக வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய தொடக்கச் சுங்கச் சட்டங்களிலேயே, அபராதத்திலும் பறிமுதலிலும் பாதி அரசுக்கு, மீதிப் பாதி சுங்க அதிகாரிகளுக்கும் துப்புக் கொடுத்தவருக்கும் என்று எழுதியிருந்தது. சம்பளம் கொடுக்கக் காசில்லாத இளம் அரசாங்கத்துக்கு அது வசதியாகவும் இருந்தது. எண்பத்தைந்து ஆண்டுகள் அந்த ஏற்பாடு ஓடியது. 1870களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் பெரிய உலோக இறக்குமதி நிறுவனமான ஃபெல்ப்ஸ் டாட்ஜ், விலைப்பட்டியல்களில் இருந்த சில்லறைப் பிசகுகளுக்காகச் சுமார் 2,71,000 டாலர் கட்ட நேர்ந்தது. அதில் பெரும்பங்கு யார் யார் பைக்குப் போனது என்பது வெளியே வந்ததும் வணிகர்கள் கொதித்தார்கள். 1874இல் நாடாளுமன்றம் சுங்கத்தில் அந்தப் பங்கு முறையை ஒழித்தது.

நூற்றுப் பத்து ஆண்டுகளில் அந்தப் பாடம் மறந்துபோயிற்று. 1984ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய அரசு பறிமுதல் செய்யும் சொத்துக்கென்று நீதித்துறை அமைச்சகத்தில் ஒரு தனி நிதியை உருவாக்கியது. அதுவரை பொதுக் கருவூலத்துக்குப் போன பணம் அமலாக்கத்துக்கே திரும்பத் தொடங்கியது. 1986இல் அந்த நிதிக்கு வந்தது 9.37 கோடி டாலர். 2014இல் சுமார் 450 கோடி டாலர். பெருநிறுவன மோசடி வழக்குகளின் தொகையும் இரண்டாவது எண்ணில் கலந்திருக்கிறது என்பதால், முழுவதையும் போதைப்பொருள் கணக்கில் எழுதுவது நேர்மையில்லை. ஆனாலும் போக்கு புரிகிறது. பெரும்பாலான மாநிலங்களும் இதே வழியைப் பிடித்தன.

இதை ஆதரிப்பவர்களின் வாதத்தை நான் தள்ளிவிடுவதில்லை. கடத்தல்காரனைப் பிடிக்கும் செலவைக் கடத்தல்காரனே ஏற்கட்டும் என்பது கேட்க நியாயமாகவே இருக்கிறது. பெரிய கடத்தல் வலையை அறுக்க மாதக்கணக்கில் ஆள் வைக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும், கணக்கு நிபுணர் வேண்டும். வருடாந்தர ஒதுக்கீட்டில் இதெல்லாம் முதலில் வெட்டுப்படும் செலவுகள் என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தேனெடுத்தவன் புறங்கையை நக்குவதை ஊர் பொறுத்துக்கொள்ளும்; இங்கே சட்டமே குடத்தைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிடுகிறது. அதன் பிறகு எந்தக் கூட்டில் தேன் அதிகம் என்பதுதான் அன்றாடக் கேள்வியாகிறது. குற்றவியல் ஆய்வாளர் ஒருவர் தாமே ரகசியத் தகவலாளியாகப் போதைப்பொருள் பிரிவின் நடவடிக்கைகளில் கலந்து, பார்த்ததை 1994இல் எழுதினார். வியாபாரியிடம் சரக்கு இருக்கும்போது பிடிக்காமல், அது விற்றுத் தீர்ந்து பணமாகும் வரை காத்திருந்து பிடிப்பது அங்கே வழக்கமாக இருந்தது. சரக்கு தெருவுக்குள் போய்விட்டது. பணம் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. எந்தக் குற்றத்தைத் தடுக்கப் படை அமைத்தார்களோ அந்தக் குற்றம் நடந்து முடியும்வரை படை வாசலில் காத்திருக்கிறது.

1992 அக்டோபர் 2ஆம் தேதி காலை, கலிபோர்னியாவின் மலிபு மலைப்பகுதியில் 200 ஏக்கர் பண்ணை ஒன்றில் பல அமைப்புகளைச் சேர்ந்த சுமார் முப்பது அதிகாரிகள் நுழைந்தார்கள். கஞ்சா பயிரிடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அறுபத்தொரு வயது உரிமையாளர் தன் வீட்டுக்குள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு கஞ்சாச் செடிகூடக் கிடைக்கவில்லை. பண்ணை இருந்த வென்சுரா மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் விசாரித்து 1993இல் அறிக்கை வெளியிட்டார். பண்ணையைப் பறிமுதல் செய்யும் ஆசையும் அந்தச் சோதனைக்கு ஒரு காரணம் என்று எழுதினார். லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் அலுவலகம் அதை மறுத்தது. அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு தாள்தான் என் மனதை விட்டு அகலாதது. சோதனைக்குப் போகுமுன் பார்த்த நில வரைபடத்தில், அதே பகுதியில் 80 ஏக்கர் 8,00,000 டாலருக்கு விற்றது என்று ஒருவர் கையால் குறித்துவைத்திருந்தார். கஞ்சாவைத் தேடிப் போகிறவருக்குப் பக்கத்து நிலத்தின் விலை எதற்கு? 2000ஆம் ஆண்டில் குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

சிறிய தொகைகளில் நடப்பது இன்னும் அமைதியானது. சிவில் பறிமுதலில் வழக்கு ஆளின் மீது அல்ல, சொத்தின் மீது; குற்றவாளிக்கூண்டில் நிற்பது பணமோ காரோதான். உரிமையாளர் மீது குற்றம் சாட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு 2020இல் 21 மாநிலங்களின் கணக்கைத் தொகுத்தபோது, ரொக்கப் பறிமுதலின் இடைநிலைத் தொகை சராசரியாக 1,276 டாலர்தான் இருந்தது. எளிய வழக்குக்கே வழக்கறிஞர் செலவு சுமார் 3,000 டாலர் என்று அதே அமைப்பு மதிப்பிட்டது. இந்தச் சட்டங்களை எதிர்த்து வழக்காடும் அமைப்பு அது என்பதை மனதில் வைத்தே படித்தேன். ஆனால் 1,276ஐ மீட்க 3,000 செலவழிக்கிறவர் யாரும் இருக்க மாட்டார் என்பதற்கு அமைப்பின் சார்பு ஒன்றும் தடையில்லை.

இன்னொரு வேடிக்கை. கேத்தரின் பைக்கர், மிரில் ஜேக்கப்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2007இல் காட்டியது இது: காவல்துறைக்குப் பறிமுதல் வருமானம் ஏறும்போது, உள்ளூர் அரசு தன் ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொள்கிறது. கூடுதலாகக் கிடைக்கும் என்று நம்பிய பணம், இல்லாமல் முடியாது என்ற பணமாக மாறுகிறது. அதற்குப் பிறகு பறிமுதலைக் குறைக்க நினைக்கும் நல்ல அதிகாரியாலும் குறைக்க முடியாது.

பாதிப் பாதி

பிரிட்டன் 2006 முதல் நடத்திவரும் ஏற்பாடு நிதானமானது. பறிமுதல் தொகையில் பாதி உள்துறை அமைச்சகத்துக்கு; மீதிப் பாதி வேலை செய்த அமைப்புகளுக்கு. நீதிமன்றம் தண்டனைக்குப் பின் பிறப்பிக்கும் பறிமுதல் ஆணை என்றால், விசாரித்த போலீசுக்கு 18.75, வழக்கு நடத்தியவர்களுக்கு 18.75, வசூலித்த நீதிமன்றத்துக்கு 12.5 சதவீதம் என்று அந்தப் பாதியும் பிரிகிறது.

ஒரு தணிக்கையாளன் மகிழ வேண்டிய வடிவம்தான். ஒரே கையில் எல்லாம் விழவில்லை. ஆனால் நீதிமன்ற நிர்வாகத்துக்கே பங்கு உண்டு என்பது எனக்கு நெருடுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். மற்றொன்று, வழியில் மடக்கிப் பிடித்த ரொக்கம் என்றால் போலீசுக்கே நேராக 50 சதவீதம். நீண்ட விசாரணைக்கு 18.75, சட்டென்று பிடித்ததற்கு 50. பொறுமைக்குக் குறைவாகவும் அவசரத்துக்கு அதிகமாகவும் சம்பளம் போட்டால் எது வளரும் என்று சொல்லத் தேவையில்லை.

பிரிட்டன் இதற்கு முன் மற்றொரு சோதனையும் செய்தது. 2003இல் சொத்து மீட்புக்கென்றே தனி முகமை அமைத்தார்கள். 2007இல் தேசியத் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, 6.5 கோடி பவுண்டு செலவழித்து 2.3 கோடி பவுண்டு மீட்டிருந்தது. அடுத்த ஆண்டே கடையைக் கட்டினார்கள். குற்றவாளியின் பணத்தைத் தொட்டாலே லாபம் கொட்டும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் எழுதிக் கொடுக்கலாம். நேர்மையாகச் செய்தால் இது செலவு பிடிக்கும் வேலை. லாபம் கொழிக்கிறது என்றால், சுலபமானவர்களிடமிருந்து எடுக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும்.

தனி ஆளின் பைக்கு

அமைப்புக்குப் போகும் பணத்தைவிட ஆளின் சட்டைப்பைக்குப் போகும் பணம் கூர்மையானது. இதில் இரண்டு வகை உண்டு: அதிகாரிக்குத் தரும் வெகுமதி, துப்புக் கொடுப்பவருக்குத் தரும் கூலி.

இந்திய நிதியமைச்சகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், பிடிபட்ட சரக்கின் மதிப்பில் 20 சதவீதம் வரை துப்புக் கொடுத்தவருக்கும் அதிகாரிக்கும் வழங்க இடம் தருகின்றன. டென்னசி நோயை இந்த முறை ஒரு வகையில் தவிர்க்கிறது, ஏனென்றால் வெகுமதி சரக்கின் மேல் கணக்கிடப்படுகிறது. கிழக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆதாயம் உண்டு. ஆனால் தராசின் மறுதட்டைப் பாருங்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 58ஆவது பிரிவின்படி, நியாயமான சந்தேகமின்றி ஒருவரைச் சோதனையிட்டுத் தொல்லை கொடுத்த அதிகாரிக்கு உச்ச தண்டனை ஆறு மாதச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். சரியாகப் பிடித்தால் கிடைக்கும் பணம் காலத்தோடு ஏறியிருக்கிறது. தவறாகப் பிடித்தால் கட்ட வேண்டிய பணம் 1985இலேயே நின்றுவிட்டது. வெகுமதி கொடுக்க விரும்பும் அரசு முதலில் இந்த இரண்டாவது எண்ணைத் திருத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

துப்புக் கூலி இல்லாமல் போதைப்பொருள் வழக்கு நடக்காது என்று அனுபவசாலிகள் எல்லோரும் சொல்வார்கள். திருட்டு, கொலை ஆகியவற்றில் புகார் கொடுக்கப் பாதிக்கப்பட்டவர் இருக்கிறார். இங்கே விற்றவனும் புகார் கொடுக்க மாட்டான், வாங்கியவனும் கொடுக்க மாட்டான். அதனால் தகவலை விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு விலைக்கு, யார் கண்காணிப்பில் என்பதுதான் மிச்சக் கேள்வி. அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016இல் கணக்கிட்டபடி, போதைப்பொருள் அமலாக்க முகமை ஐந்து ஆண்டுகளில் 9,000க்கும் மேற்பட்ட தகவலாளிகளுக்குச் சுமார் 23.7 கோடி டாலர் கொடுத்திருந்தது. அதே அலுவலகம் அதற்கு முன்பு கண்டுபிடித்த ஒன்றை நான் இன்றும் புதியவர்களுக்கு உதாரணமாகச் சொல்வேன். பயணிகளின் விவரங்களைத் தந்ததற்காக ஒரு ரயில் நிறுவன ஊழியருக்கு இருபது ஆண்டுகளில் 8,54,460 டாலர் கொடுத்திருக்கிறார்கள். அந்த ரயில் நிறுவனத்தின் சொந்தப் போலீசிடம் கேட்டிருந்தால் அதே விவரம் இலவசமாகக் கிடைத்திருக்கும்.

தொகையைவிட மோசமானது, பறிமுதல் ரொக்கத்தில் இத்தனை சதவீதம் என்று தகவலாளிக்குப் பங்கு பேசுவது. 2024 நவம்பரில் அதே தலைமை ஆய்வாளர் வெளியிட்ட குறிப்பில் ஒரு விமான நிலையக் காட்சி இருக்கிறது. பயணி பாதுகாப்புச் சோதனையை முடித்துவிட்டு விமானம் ஏறக் காத்திருக்கிறார். ஓர் அதிகாரி வந்து பையைத் திறந்து காட்டச் சொல்கிறார். பயணி மறுக்கிறார். பை பிடித்துவைக்கப்படுகிறது, நாய் வருகிறது, வாதம் நீள்கிறது, விமானம் போய்விடுகிறது. பையில் பணமும் இல்லை, போதைப்பொருளும் இல்லை. அவர் பெயர் எப்படி வந்தது? விமான நிறுவன ஊழியர் ஒருவர், புறப்படுவதற்கு இரண்டு நாளுக்குள் டிக்கெட் வாங்கியவர்களின் பெயர்களை அனுப்பிவந்தார். கைப்பற்றும் ரொக்கத்தில் அவருக்குச் சதவீதம் உண்டு. பல ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான டாலர் பெற்றிருந்தார்.

அந்த ஊழியரின் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். பெயர் அனுப்பினால் செலவு இல்லை. பணம் கிடைத்தால் பங்கு. கிடைக்காவிட்டால் நட்டம் பயணிக்கு. பட்டியலைச் சுருக்க அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. அந்தக் குறிப்பு வந்த கையோடு, இத்தகைய பயணிச் சோதனைகளை நிறுத்திவைக்கும்படி நீதித்துறை அமைச்சகத்தின் துணைத் தலைவரான துணை அட்டர்னி ஜெனரல் உத்தரவிட்டார்.

இந்தச் சரிவின் அடிவாரம் பிலிப்பைன்ஸ். 2016இல் தொடங்கிய போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில், 'மோதல்' ஒன்றுக்கு 8,000 முதல் 15,000 பெசோ வரை ரகசியமாகக் கொடுக்கப்பட்டதாக ஒரு போலீஸ் அதிகாரி கூறியதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2017 ஜனவரியில் வெளியிட்டது. போலீஸ் தரப்பு மறுத்தது. 2024 அக்டோபரில், ஓய்வு பெற்ற போலீஸ் கர்னல் ரோயினா கார்மா நாடாளுமன்ற விசாரணையில், கொலைக்கு 20,000 முதல் 10 லட்சம் பெசோ வரை வெகுமதி ஏற்பாடு இருந்ததாகச் சாட்சியம் அளித்தார். அரசின் கணக்கிலேயே இறந்தவர்கள் 6,000க்கு மேல். அன்றைய ஜனாதிபதி டுடெர்டே 2025 மார்ச்சில் கைதாகி ஹேக் நகரத்தின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். இதை ஒரு 'வழி' என்று வரிசையில் வைக்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிருக்கு விலை குறிக்கும் பட்டியலும், எடைக்கு விலை குறிக்கும் பட்டியலும் தாள் அளவில் ஒரே மாதிரிதான் இருக்கும்: இடப்பக்கம் எண்ணிக்கை, வலப்பக்கம் தொகை.

கைதுக்கு மானியம்

இங்கே பறிமுதலே தேவையில்லை. எத்தனை பேரைக் கைது செய்தீர்கள் என்று காட்டினால் அடுத்த ஆண்டு நிதி வரும். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பைர்ன் என்ற மத்திய அரசு மானியத்தில் ஊர் ஊராகப் போதைப்பொருள் படைகள் உருவாயின. டெக்சாஸ் மாநிலத்தின் துலியா என்ற 5,000 பேர் ஊரில், அப்படியொரு படைக்காக வேலை செய்த ஒற்றை ரகசியக் காவலரின் வார்த்தையை நம்பி 1999 ஜூலையில் 46 பேரைப் பிடித்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வீடுகளில் போதைப்பொருளும் இல்லை, பணமும் இல்லை, ஆயுதமும் இல்லை. அந்தக் காவலருக்கு மாநிலத்தின் சிறந்த காவலர் விருது கிடைத்தது. 2003இல் ஆளுநர் 35 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். 2005இல் அந்தக் காவலர் பொய்ச்சாட்சிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டார்.

இந்த வழியைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரும். தெருவோரத்தில் அரை கிராம் வைத்திருப்பவனும் பட்டியலில் ஒன்று, கிடங்கு வைத்திருப்பவனும் பட்டியலில் ஒன்று. இருவரில் யாரைப் பிடிப்பது சுலபம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கருவூலம், பள்ளி, சிகிச்சை நிலையம்

மிச்சம் இருப்பது, பணத்தைப் பிடித்தவர் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது. இதிலும் வகைகள் உண்டு. ஸ்பெயினின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், போதைப்பொருள் பறிமுதல் நிதியில் குறைந்தது பாதியைத் தடுப்புப் பணிக்கும் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. வட கரோலினாவின் அரசியலமைப்பு, அபராதமும் பறிமுதலும் பொதுப் பள்ளிகளுக்கு என்கிறது. நியூ மெக்சிகோ 2015இல் சிவில் பறிமுதலையே ஒழித்து, தண்டனைக்குப் பின் கிடைக்கும் பணத்தையும் மாநிலப் பொது நிதிக்குத் திருப்பியது. அயர்லாந்து, 1996 ஜூனில் பத்திரிகையாளர் வெரோனிகா கெரின் கொலைக்குப் பிறகு, அதே ஆண்டு குற்றச் சொத்துப் பணியகத்தை அமைத்தது. போலீஸ், வரித்துறை, சுங்கம், சமூக நலத்துறை அதிகாரிகள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். மீட்ட பணம் நேராக அரசுக் கருவூலத்துக்கு.

இதற்கு எதிரான முக்கிய வாதம்: பங்கு இல்லையென்றால் யார் உழைப்பார்கள்? அயர்லாந்தின் பணியகம் ஒரு பங்கும் இல்லாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்து வருகிறது. மற்ற நாடுகள் போய்ப் பார்த்துக் கற்றுவரும் இடமாகவும் இருக்கிறது. நியூ மெக்சிகோவை அதன் பக்கத்து மாநிலங்களோடு ஒப்பிட்ட இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் ஆய்வில், சீர்திருத்தத்துக்குப் பிறகு குற்றம் கூடியதாகத் தெரியவில்லை. அயர்லாந்தின் சட்டம் தண்டனை இல்லாமலே சொத்தை முடக்க அனுமதிக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. அது எனக்கு உவப்பான சட்டமும் அன்று. ஆனால் அங்கே தவறு நடந்தால் அதற்குக் காரணம் ஆசையாக இருக்காது.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வட கரோலினா பணத்தைப் பள்ளிக்கு எழுதிவைத்தது. உள்ளூர் போலீஸ் அதே பணத்தை மத்திய முகமையிடம் ஒப்படைத்தால், மத்தியச் சட்டத்தின் கீழ் பறிமுதலாகி 80 சதவீதம் வரை திரும்பி வரும். பள்ளிக்கு ஒன்றும் போகாது. மாநிலச் சட்டம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு மத்தியப் பங்கு வாங்குவது கூடுகிறது என்று ஹோல்கம்ப் முதலிய ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். 2015 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் இந்தக் கொல்லைப்புற வாசலைப் பெருமளவு அடைத்தார். 2017 ஜூலையில், அப்போது அதே பதவியில் இருந்த ஜெஃப் செஷன்ஸ் திறந்துவிட்டார். நடுவில், 2015 டிசம்பரில் நாடாளுமன்றம் நிதியைக் குறைத்ததால் பங்கு வழங்குவதே மூன்று மாதம் நின்றது. உடனே காவல் சங்கங்கள் கூக்குரலிட்டன. வாரம் இரண்டு தேன்கூடு உடைக்கிறவர் குடம் வர மூன்று மாதம் தாமதமானால் கூப்பாடு போடுகிறார் என்றால், அவர் பசியாறுவது எதில் என்று தெரிந்துவிடுகிறது.

நீதிமன்றம் ஏற்கெனவே சொன்னது

மதுவிலக்குக் காலத்தில் ஒஹாயோ மாநிலத்தின் நார்த் காலேஜ் ஹில் என்ற சிற்றூரில் மேயரே நீதிபதியாக அமர்ந்து மது வழக்குகளை விசாரித்தார். குற்றவாளி என்று தீர்ப்பளித்தால் அவருக்கு 12 டாலர் கட்டணம். விடுதலை செய்தால் ஒன்றுமில்லை. 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட ஒருவர் மேல்முறையீடு செய்தார். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டாஃப்ட் எழுதிய தீர்ப்பு அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. 1972இல் ஒருபடி மேலே போனார்கள்: மேயரின் சொந்தப் பைக்கு ஒரு காசும் வராவிட்டாலும், அபராதம் ஊர் வரவுசெலவைத் தாங்கிப் பிடிக்கிறது என்றாலே அவர் நடுநிலையாளர் ஆக முடியாது. பிரிட்டனின் 12.5 சதவீதம் எனக்கு நெருடுவது இதனால்தான்.

ஆனால் 1980இல் அதே உச்ச நீதிமன்றம், நீதிபதிக்கு உள்ள இந்தக் கண்டிப்பு வழக்குத் தொடர்பவருக்கும் அமலாக்குபவருக்கும் அதே அளவு பொருந்தாது என்றது. தீர்ப்பவர் கை சுத்தமாக இருந்தால் போதும், பிடிப்பவர் கையைப் பிறகு பார்க்கலாம் என்பதாயிற்று. நடைமுறையில் பாதிக்கு மேல் வழக்குகள் தீர்ப்பவரிடம் போவதே இல்லை. போதைப்பொருள் முகமை 2007 முதல் பத்து ஆண்டுகளில் கைப்பற்றிய 415 கோடி டாலர் ரொக்கத்தில் சுமார் 320 கோடி டாலர் நீதிபதி பார்க்காமலே நிர்வாக முறையில் பறிமுதலானது என்று 2017ஆம் ஆண்டுத் தலைமை ஆய்வாளர் அறிக்கை சொல்கிறது. அதே அறிக்கை நூறு கைப்பற்றல்களை எடுத்துப் பார்த்ததில், ஏதாவதொரு விசாரணைக்கு உதவியது என்று உறுதிசெய்ய முடிந்தவை 44தான்.

நான் தேர்ந்தெடுப்பது

கருவூலம். சிகிச்சை நிதிக்கு எழுதிவைப்பது மனதுக்கு இதமானது என்றாலும், அங்கேயும் ஒரு சின்னத் தயக்கம் உண்டு: மறுவாழ்வு மையத்தின் அடுத்த மாதச் சம்பளம் இந்த மாதப் பறிமுதலை நம்பியிருக்கக் கூடாது. சிகிச்சைக்குப் பணம் வேண்டுமென்றால் ஒதுக்கீட்டிலிருந்து நேராகக் கொடுங்கள்.

இதோடு சில நிபந்தனைகள். பிடித்த பொருளைப் பாதுகாக்கும் செலவு, மொழிபெயர்ப்பு, கணக்கு நிபுணர் ஆகியவற்றுக்கு உண்மையான பில் காட்டினால் அந்தப் பில்லுக்கு மட்டும் பணம். சதவீதக் கணக்கே வேண்டாம். துப்புக் கூலியை முன்கூட்டி எழுதிய நிலையான தொகையாகவும், கைப்பற்றும் பணத்தோடு தொடர்பில்லாததாகவும், முகமைக்கு வெளியே ஒருவர் கையெழுத்திட்ட பிறகு கொடுப்பதாகவும் வையுங்கள். மேலடுக்கு அரசின் கொல்லைப்புற வாசலை அதே சட்டத்தில் அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் மீதி எல்லாம் காகிதம். பணத்தைத் திரும்பக் கேட்டு ஜெயித்தவருக்கு வழக்கறிஞர் செலவை அரசே கொடுக்கட்டும். 1,276 டாலர்க்காரர் அப்போதுதான் வாய் திறப்பார்.

இதையெல்லாம் எழுதிய பிறகும் ஒரு பக்கத்தை விடாமல் பார்க்க வேண்டியிருக்கும். நியூ மெக்சிகோ சட்டம் வந்த பிறகும் அல்புகெர்க்கி நகரம், மது அருந்தி ஓட்டியவர்களின் கார்களைப் பறிமுதல் செய்யும் தன் திட்டத்தை நிறுத்தவில்லை. மாநிலச் சட்டம் நகர விதிகளுக்குப் பொருந்தாது என்றது. 2018இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், அந்தத் திட்டம் நகரத்துக்கு லாப நோக்கத்தைத் தருகிறது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தார். அந்த நகரத்தின் வரவுசெலவுத் திட்டத்தில், ஆண்டு பிறக்குமுன்பே, எத்தனை கார்களை ஏலம் விடப்போகிறோம் என்ற மதிப்பீடு ஒரு வரியாக இருந்தது. எந்த அரசாங்கத்தின் பட்ஜெட்டைத் தந்தாலும் நான் முதலில் தேடுவது இப்போது அந்த வரியைத்தான்.